பதின்மூன்று சீட்டு ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ் வீட்டில் ஒரு சீன அங்கிள் இருந்தார். இந்த ஆட்டத்தை அவரிடம்தான் கற்றேன். இப்போது ஒவ்வொரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பிலும் பிரியாணிச் சட்டி காலியானதும் யாராவது சீட்டுக்கட்டை எடுப்பார்கள். புதிதாக வந்த ஒருவர் "இது எப்படி ஆடுறது?" என்று ஆரம்பிப்பார். ஐந்து வருடமாக அதே பதிலைச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். இனி கேட்பவர் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் தே தாரிக் ஆற்றப் போகலாம்.

பதின்மூன்று சீட்டா? அப்போ ரம்மிதானே?

இல்லை. நம் ஆட்களிடம் பதின்மூன்று சீட்டு என்றதுமே கை தானாக ஜோக்கரைத் தேடுகிறது. இரண்டுக்கும் பொதுவானது பதின்மூன்று என்ற எண்ணிக்கை ஒன்றுதான். ரம்மியில் எடுக்கலாம், போடலாம், எதிராளி எதைத் தள்ளுகிறார் என்று பார்த்துப் பார்த்துக் கையைச் செதுக்கலாம். இங்கே எடுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. வந்த பதின்மூன்றோடுதான் குடித்தனம். அதை மூன்று வரிசையாக அடுக்கி வைப்பதுதான் ஆட்டம் முழுவதும். எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

பதின்மூன்று சீட்டை மூன்று, ஐந்து, ஐந்து என்று பிரிக்க 72,072 வழிகள் உண்டு. அவற்றில் செல்லாதவையும் உண்டு, பாதிக்கு மேல் அபத்தமாகவே இருக்கும். இருந்தாலும், சீட்டு வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

இதற்கு என்ன பெயர்?

ஆங்கிலத்தில் சைனீஸ் போக்கர் என்பார்கள். பினாங்கில் காதில் விழும் ஹொக்கியன் மொழியில் பதின்மூன்றுக்கு 'சாப் சா'. இந்தோனேசியாவில் அதுவே 'சாப்சா சூசுன்' ஆனது. சூசுன் என்றால் அடுக்குவது, பள்ளிக்கூட மலாய் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் 'புசோய்'. லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரில் 1995, 1996 இரண்டு ஆண்டும் இதைத் தனிப் போட்டியாகவே வைத்தார்கள். அங்கிளிடம் இதைச் சொன்னபோது, "அமெரிக்காக்காரன் இதுக்குக் கோப்பை கொடுத்தானா?" என்று நம்பாமல் சிரித்தார்.

எத்தனை பேர்? எத்தனை கட்டு?

ஒரு கட்டு, ஜோக்கர் வேண்டாம். நான்கு பேர் என்றால் 52 சீட்டும் சரியாகத் தீர்ந்துவிடும். மூன்று பேரும் ஆடலாம், இரண்டு பேரும் ஆடலாம். மிச்சத்தைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். ஐந்தாவது ஆள் வந்தால் அவர் பகோடா பொரிக்கலாம்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

கலைத்து, வெட்டி, ஆளுக்குப் பதின்மூன்று. கையில் விசிறியாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தரையில் மூன்று வரிசையாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். முதல் வரிசையில் மூன்று சீட்டு, அடுத்ததில் ஐந்து, கடைசியில் ஐந்து. சீனர்கள் இவற்றைத் தலை, நடு, வால் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது தலை, வயிறு, வால் ஆகிவிட்டது. பெயர் வைத்தது என் அண்ணி.

விதி ஒன்றுதான்: வால்தான் மிகப் பலமான வரிசையாக இருக்க வேண்டும், வயிறு அதைவிடக் குறைவு, தலை அதையும்விடக் குறைவு. சமமாக இருக்கலாம், மிஞ்சக் கூடாது. எல்லாரும் வைத்து முடித்ததும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டி, உங்கள் தலையை அவர் தலையோடும், வயிற்றை வயிற்றோடும், வாலை வாலோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எது எதைவிடப் பெரிது?

சாதாரணப் போக்கர் வரிசைதான். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

உச்சியில் ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்: ஒரே சின்னத்தில் ஐந்து அடுத்தடுத்த சீட்டு. அதற்குக் கீழே நாலும் ஒன்று, அதாவது நான்கு ராணி, நான்கு ஏழு என்பது போல. பிறகு ஃபுல் ஹவுஸ்: மூன்று ஒரே எண், கூடவே ஒரு ஜோடி. பிறகு ஃபிளஷ்: வரிசையாக இல்லாவிட்டாலும் ஐந்தும் ஒரே சின்னம். பிறகு ஸ்ட்ரெயிட்: சின்னம் கலந்திருந்தாலும் ஐந்து அடுத்தடுத்து. அதற்குப் பிறகு மூன்றும் ஒன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி. கடைசியில் எதுவுமே சேராத வெறுங்கை. வெறுங்கைக்கும் வெறுங்கைக்கும் சண்டை வந்தால் பெரிய சீட்டு வைத்திருப்பவர் வெல்வார். ஏஸ்தான் பெரியது, அப்புறம் ராஜா, ராணி, ஜாக்கி.

ரம்மிக்காரர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். மூன்று சீட்டு அடுத்தடுத்து வந்தாலே அவர்கள் கண் மின்னும். இங்கே ஐந்து வேண்டும், நான்கு இருந்தாலும் அது வெறுங்கைதான். அதே மாதிரி, சின்னம் ஒன்றாக இருப்பது அடுத்தடுத்து இருப்பதைவிட ஏன் பெரிது என்றும் கேட்பார்கள். ஒரு கட்டிலிருந்து ஐந்து சீட்டு எடுக்க 2,598,960 வழிகள். அவற்றில் ஸ்ட்ரெயிட் 10,200, ஃபிளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744. எது அரிதோ அது பெரிது. அவ்வளவுதான்.

தலையில் மூன்று சீட்டுதானே, அங்கே ஃபிளஷ் வருமா?

வராது. தலையில் மூன்று ஸ்பேட் வைத்தாலும், 7-8-9 வைத்தாலும் மதிப்பு கிடையாது. அங்கே செல்லுபடியாவது மூன்றே வகை: மூன்றும் ஒன்று, ஒரு ஜோடி, வெறுங்கை. (ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன்.)

வரிசை மாறிப் போனால்?

கை கெட்டுப்போச்சு. எதிரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று வரிசையும் தோற்றதாகக் கணக்கு, முழுத் தோல்விக்கான தண்டமும் சேர்த்து. உங்கள் சீட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரக்கம் கிடையாது.

எனக்கு இது முதல் நாளே நடந்தது. இரண்டு ஃபிளஷ் வந்திருந்தது. கிளாவரில் ஐந்து, ஆட்டினில் ஐந்து. வாழ்க்கையில் இனி இப்படி ஒரு கை வராது என்று நினைத்து, கிளாவரை வாலிலும் ஆட்டினை வயிற்றிலும் வைத்தேன். திருப்பியதும் எல்லாரும் "ஓ" என்றார்கள். அங்கிள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி என் வயிற்றில் இருந்த ஆட்டின் ஏஸ் மேல் வைத்தார். பிறகு அதே விரலை வாலுக்கு நகர்த்தி கிளாவர் ராஜா மேல் வைத்தார். இரண்டும் ஃபிளஷ்தான், ஆனால் ஏஸ் இருக்கும் ஃபிளஷ் பெரியது. வயிறு வாலை மிஞ்சிவிட்டது. இடம் மாற்றி வைத்திருந்தால் மூன்று பேரையும் வாரியிருப்பேன். அன்று மூன்று பேருக்கும் ஆளுக்கு ஆறு புள்ளி கொடுத்தேன்.

ஆகவே வைத்த பிறகு, 'சரி' என்று சொல்வதற்கு முன், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே வகை இரண்டு வரிசையில் இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

புள்ளி எப்படி எண்ணுவது?

ஒவ்வொருவரோடும் தனித்தனியாக. நான்கு பேர் ஆடினால் நீங்கள் மூன்று பேரோடு மூன்று தனிச் சண்டை போடுகிறீர்கள். ஒரு வரிசை வென்றால் ஒன்று, தோற்றால் கழித்தல் ஒன்று, சமம் என்றால் ஒன்றுமில்லை. ஆகவே இரண்டு வென்று ஒன்று தோற்றால் ஒரு புள்ளி லாபம். மூன்றையும் அடித்தால் மூன்றோடு மேலும் மூன்று சேர்த்து ஆறு.

வேறு வீடுகளில் வேறு கணக்கு உண்டு. சில இடங்களில் வரிசைக்கு ஒன்று, அதிக வரிசை வென்றவருக்குக் கூடுதலாக ஒன்று. அப்போது இரண்டு-ஒன்று என்று வென்றால் 2, மூன்றையும் அடித்தால் 4. எது என்பதைச் சீட்டு போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். போட்ட பிறகு பேசினால் சொந்தபந்தம் கெடும்.

நான்கு பேர் புள்ளியையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ தப்பாக எண்ணியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் மாமா.

ஒரு கையை எடுத்து விளக்க முடியுமா?

போன வருடம் எனக்கு வந்த கையையே சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

ஸ்பேடில் ஏஸ், ஜாக்கி, 8, 6, 3. ஆட்டினில் ராஜா, ஜாக்கி, 9. டைமனில் ராஜா, 8, 4. கிளாவரில் 9, 2.

பார்த்ததும் கண்ணில் படுவது ஸ்பேடில் இருக்கும் ஃபிளஷ். அது வால், சந்தேகமே இல்லை. மிச்சம் எட்டு சீட்டு: ராஜா ஜோடி, 9 ஜோடி, தனியாக ஜாக்கி, 8, 4, 2.

புதிதாக ஆடுபவர் என்ன செய்வார்? இரண்டு ஜோடியையும் வயிற்றில் போடுவார். ராஜா-ராஜா-9-9-2, பார்க்க அழகாகத்தான் இருக்கும். தலைக்கு ஜாக்கி, 8, 4 மிஞ்சும். அதாவது வெறுங்கை.

வேறு ஒருவர் பேராசைப்பட்டு ராஜா ஜோடியைத் தலைக்குக் கொண்டுபோவார். தலையில் ராஜா ஜோடி என்றால் யாருமே அசைக்க முடியாதே என்று. ஆனால் வயிற்றில் 9 ஜோடிதான் இருக்கும். தலை வயிற்றை மிஞ்சிவிட்டது, கை கெட்டுப்போச்சு.

நான் வைத்தது இது: வால் ஸ்பேட் ஃபிளஷ், வயிற்றில் ராஜா-ராஜா-8-4-2, தலையில் 9-9-ஜாக்கி. வயிறு கொஞ்சம் ஒட்டிப்போயிருக்கிறது, ஆனால் தலைக்கு முடி இருக்கிறது.

இப்போது எதிரில் இருந்தவர்கள். மாமாவிடம் வாலில் 7-7-7-10-10 ஃபுல் ஹவுஸ், வயிற்றில் ராணி ஜோடி, தலையில் ஏஸ்-ராஜா-2. வாலில் எனக்கு அடி. ஆனால் ராஜா ஜோடி ராணி ஜோடியை வென்றது, 9 ஜோடி அவருடைய ஏஸை வென்றது. எனக்கு ஒரு புள்ளி.

அண்ணி வாலில் 6 முதல் 10 வரை ஸ்ட்ரெயிட், வயிற்றில் 5-5-4-4, தலையில் ராஜா-ராணி-3. வயிற்றில் தோற்றேன், மற்ற இரண்டிலும் வென்றேன். ஒரு புள்ளி.

தம்பிக்கு நான்கு ஜோடி வந்திருந்தது. வாலில் ஏஸ் ஜோடியும் 5 ஜோடியும், வயிற்றில் ஜாக்கி ஜோடி, தலையில் 6 ஜோடி. நன்றாகத்தான் வைத்திருந்தான். ஆனாலும் ஃபிளஷ் இரண்டு ஜோடியை வென்றது, ராஜா ஜாக்கியை வென்றார், 9 ஆறை வென்றது. மூன்றும் எனக்கு, ஆறு புள்ளி.

மொத்தம் எட்டு.

அதே சீட்டை அழகு பார்த்து முதல் வழியில் வைத்திருந்தால்? மாமாவிடம் தலையும் வாலும் போயிருக்கும், கழித்தல் ஒன்று. அண்ணியிடம் தலை போயிருக்கும், வயிறும் வாலும் வந்திருக்கும், ஒன்று. தம்பியிடமும் தலை போயிருக்கும், ஒன்று. மொத்தம் ஒரே ஒரு புள்ளி. அதே பதின்மூன்று சீட்டு, அதே எதிராளிகள். ஒரு 9 ஜோடி இருக்கும் இடம் மாறியதில் ஏழு புள்ளி வித்தியாசம்.

அங்கிள் உடைந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். தமிழில் சொன்னால், 'தலையை மொட்டையாக விடாதே.' தலையும் ஒரு புள்ளிதான், வாலும் ஒரு புள்ளிதான். ஐந்து சீட்டு போட்டு வெல்லும் ஒரு புள்ளியும் மூன்று சீட்டு போட்டு வெல்லும் ஒரு புள்ளியும் ஒரே எடை. மூன்றையும் அடித்து ஆறு வாங்குவதற்கும் தலைதான் வழி விட வேண்டும்.

ஆனால் வாலில் ஃபிளஷ் இருந்தால் ஜெயம்தானே?

அப்படித் தோன்றும். ஐந்து சீட்டுப் போக்கர் பார்த்தவர்களுக்கு ஃபிளஷ் என்றால் பெரிய விஷயம். இங்கே கையில் பதின்மூன்று இருக்கிறது, சின்னம் நான்குதான். ஏதாவது ஒரு சின்னத்தில் நான்கு சீட்டாவது கட்டாயம் இருக்கும், இன்னும் ஒன்று சேர்ந்தால் ஃபிளஷ். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 65 கைகளில் ஐந்தோ அதற்கு மேலோ ஒரே சின்னம் அமையும். உங்களிடம் இருப்பது எதிராளியிடமும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாலில் வெறும் ஃபிளஷ் என்பது நடுத்தர வர்க்கம். ஃபுல் ஹவுஸ் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

இரண்டு பேருக்கும் ஃபிளஷ் என்றால் மேல் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஏஸும் ஏஸும் சமம் என்றால் அடுத்த சீட்டு, அதுவும் சமம் என்றால் அதற்கு அடுத்தது.

ஏஸ்-2-3-4-5 ஸ்ட்ரெயிட் ஆகுமா?

ஆகும். ஆனால் எவ்வளவு பெரியது என்பதில் வீட்டுக்கு வீடு தகராறு. வழக்கமான போக்கரில் அதுதான் மிகச் சிறிய ஸ்ட்ரெயிட். சில சீனக் குடும்பங்களில் அதை 10 முதல் ஏஸ் வரை போகும் ஸ்ட்ரெயிட்டுக்கு அடுத்த இடத்தில் வைத்துவிடுவார்கள். புது வீட்டில் உட்காரும்போது இதைக் கேட்காமல் உட்காராதீர்கள். ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றி வருவது எங்கேயும் செல்லாது.

ஸ்பேட் பெரியதா, டைமன் பெரியதா? 2 பெரியதா?

இந்தக் கேள்வி வந்தால் அவர் சோர் தாய் தீ ஆடிப் பழகியவர் என்று தெரிந்துகொள்ளலாம். அதிலும் நான்கு பேர், ஆளுக்குப் பதின்மூன்று, ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ் எல்லாம் உண்டு. ஆனால் அது கையில் இருப்பதை முதலில் காலி செய்யும் பந்தயம். அங்கே 2தான் ராஜாவுக்கெல்லாம் ராஜா, சின்னத்திலும் ஸ்பேட் உசத்தி. இங்கே 2 வெறும் 2, எல்லாருக்கும் கடைசி. சின்னத்துக்கும் உயர்வு தாழ்வு இல்லை. ஐந்து சீட்டும் எண்ணில் சமமாக இருந்தால் அந்த வரிசை சமம், யாருக்கும் புள்ளி இல்லை.

கூடுதல் புள்ளி ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் எவ்வளவு என்பது வீட்டைப் பொறுத்தது. எங்கள் வீட்டுக் கணக்கு: தலையில் மூன்றும் ஒன்று வைத்து அந்த வரிசையை வென்றால் கூடுதலாக 3. வயிற்றில் ஃபுல் ஹவுஸ் என்றால் 2. வாலில் நாலும் ஒன்று 4, ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் 5. இதே இரண்டும் வயிற்றில் வந்தால் இரட்டிப்பு, 8, 10. முதல் நாள் ஆடுபவர்களுக்கு நான் இதைச் சொல்லுவதே இல்லை. சொன்னால், தலையில் மூன்று 4 வைக்கும் ஆசையில் வயிற்றைப் பட்டினி போடுவார்கள்.

டிராகன் என்கிறார்களே, அது என்ன?

அடுக்கவே தேவையில்லாத கைகள் சில உண்டு. 2 முதல் ஏஸ் வரை பதின்மூன்று எண்ணும் ஒவ்வொன்றாக வந்தால் அது டிராகன். ஆறு ஜோடியும் ஒரு தனிச் சீட்டும் வருவது இன்னொன்று. மூன்று வரிசையையும் ஸ்ட்ரெயிட்டாகவே அடுக்க முடிந்தாலும், மூன்றையும் ஃபிளஷாகவே அடுக்க முடிந்தாலும் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். தலையில் மூன்று சீட்டு ஸ்ட்ரெயிட்டும் ஃபிளஷும் செல்லும் ஒரே இடம் இதுதான். நான் முன்பு சொன்ன விதிவிலக்கு.

இப்படி வந்தால் மற்றவர்கள் திருப்புவதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். திருப்பிய பிறகு "அட, எனக்கு ஆறு ஜோடி இருந்துச்சே" என்றால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் டிராகனுக்கு ஒவ்வொருவரிடமும் 13, மற்ற மூன்றுக்கும் 6.

டிராகன் எவ்வளவு அரிது? ஒருவருக்கு வரக்கூடிய பதின்மூன்று சீட்டுக் கைகள் மொத்தம் 635,013,559,600. அவற்றில் டிராகன் 67,108,864. ஏறக்குறைய 9,462 கைக்கு ஒன்று. தினமும் பத்து கை விடாமல் ஆடினால் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வரலாம். மாமா தனக்கு ஒருமுறை வந்ததாகச் சொல்கிறார். பார்த்தவர் யாரும் இல்லை.

போக்கர் என்றால் பந்தயம் ஏற்றி, முகத்தை இறுக்கி வைத்து ஏமாற்றுவதுதானே?

அது டெக்சாஸ் ஹோல்டெம். இங்கே நடுவில் பந்தயம் ஏற்றுவது இல்லை, விலகுவதும் இல்லை. எல்லாரும் கடைசி வரை இருந்தே ஆக வேண்டும். ஆகவே முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் கவலையில்லை. என் அண்ணி நல்ல சீட்டு வந்தால் பாட்டே பாடுவார். ஒன்றும் குறையவில்லை.

ஏமாற்றத் தெரியாதவர்களுக்கு ஏற்ற ஆட்டம் என்று சொல்லலாம். எங்கள் அம்மா ஹோல்டெம் ஒருமுறை பார்த்துவிட்டு "பொய் சொல்றதுக்கு ஒரு விளையாட்டா" என்று எழுந்து போனவர். இதில் மட்டும் உட்காருவார்.

காசு வைத்து ஆடலாமா?

எங்கள் வீட்டில் கடலை. புள்ளிக்கு ஒன்று. தோற்றவர் அடுத்த நாள் காலை பசியாற வாங்கித் தர வேண்டும், ரொட்டி சானாய் வரைக்கும்தான், அதற்கு மேல் கேட்கக் கூடாது.

காசு விஷயம் மலேசியாவில் விளையாட்டல்ல. 1953ஆம் ஆண்டிலிருந்தே சூதாட்ட விடுதிகளுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்ற ஒரே கெசினோ கெந்திங் மலையில் இருக்கிறது, அதற்குள் போக 21 வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. காப்பிக் கடை மேசையில் நோட்டுகளைப் பரப்பிவிட்டு "சும்மா பண்டிகைக்கு" என்று விளக்கம் சொல்லும் நிலைமை யாருக்கும் வேண்டாம். கடலை போதும். கோபம் வந்தால் தின்றும் விடலாம்.

எவ்வளவு நேரம் யோசிக்கலாம்?

விதி எதுவும் இல்லை, பொறுமைதான் எல்லை. கையைப் பார்க்கும்போது முதலில் சின்னவாரியாகப் பிரித்துப் பாருங்கள், பிறகு எண்வாரியாக. ஒரே முறையில் பார்த்தால் ஸ்ட்ரெயிட் ஒளிந்துகொள்ளும். பிறகு வாலை எடுத்து வையுங்கள், ஆனால் கவிழ்க்காதீர்கள். மிச்ச எட்டில் தலைக்கு ஒரு ஜோடி கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் வாலிலிருந்து ஏதாவது கடன் வாங்க முடியுமா பாருங்கள். ஃபுல் ஹவுஸில் இருக்கும் பெரிய ஜோடிக்குப் பதிலாகச் சின்ன ஜோடி போட முடிந்தால் பெரியது மேலே ஏறும். 9-9-9-ராணி-ராணி என்று வைப்பதும் 9-9-9-3-3 என்று வைப்பதும் எதிராளியிடம் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்யும், ஏனென்றால் ஃபுல் ஹவுஸை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது அந்த மூன்றை. ராணி ஜோடி தலையில் இருந்தால் அங்கே ஒரு வரிசையே வெல்லும். அதற்கு மேல் ஒரு ஜோடி வயிற்றில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒருமுறை கவிழ்த்து 'சரி' என்று சொல்லிவிட்டால் தொடக் கூடாது. தொட்டால் கை கெட்டதாகவே கணக்கு. இது அங்கிள் வைத்த சட்டம், மாமாவுக்காகவே வைத்தது.

கைத்தொலைபேசியில் தம்பி ஆடுவது வேறு மாதிரி இருக்கிறதே?

அது இதன் பிள்ளை, திறந்த முகம் என்று பெயர். முதலில் ஐந்து சீட்டு கொடுப்பார்கள், அவற்றை எல்லாரும் பார்க்கும்படி மூன்று வரிசையில் எங்கேயாவது வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சீட்டாக வரும். வைத்ததை நகர்த்த முடியாது. வரப்போவது தெரியாமல் வாலில் ஃபிளஷுக்கு இடம் விட்டு வைத்து, கடைசிச் சீட்டு கைவிட்டதும் கை கெட்டுப்போகும். தலையில் ராணி ஜோடியோ அதற்கு மேலோ வைத்துக் கை கெடாமல் முடித்தால் அடுத்த ஆட்டத்தில் பதின்மூன்றும் மொத்தமாகக் கையில் கிடைக்கும். அன்னாசி என்று இன்னொரு வகையும் உண்டு, அதில் ஐந்துக்குப் பிறகு மூன்று மூன்றாகக் கொடுப்பார்கள், இரண்டை வைத்து ஒன்றைத் தள்ள வேண்டும்.

தம்பி அதைத்தான் உசத்தி என்கிறான். பழையதைக் கற்றுக்கொண்டு நூறு கையாவது ஆடிய பிறகு அதற்குப் போங்கள் என்பேன். மூடிய கையிலேயே தலைக்கும் வயிற்றுக்கும் சமாதானம் செய்யத் தெரியாதவன் திறந்த கையில் என்ன செய்வான்? அவனிடமே கேட்டேன். "அக்கா, நீ முதல்ல ஒரு ஆட்டம் ஆடிப் பாரு" என்றான். ஆடினேன். முதல் ஐந்து சீட்டிலேயே தலையில் ஏஸ் ஜோடி வைத்துவிட்டு, வயிற்றுக்கும் வாலுக்கும் கடைசி வரை ஒன்றுமே வராமல் கையைக் கெடுத்துக்கொண்டேன்.